கவிழ்ந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: நான்கு பேர் சேர்ந்து கடலில் கயாக் ஓட்டுகிறீர்கள். எல்லோருக்கும் இரண்டு மூன்று வருட அனுபவம் உண்டு. போன மாதம் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒருவர் கவிழ்ந்தார். திரும்ப ஏற்றினீர்கள், மறுபடி கவிழ்ந்தார். கடைசியில் அந்த வழியாக வந்த மோட்டார் படகு ஒன்று எல்லோரையும் கரைசேர்த்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து உங்களுக்குள் வாக்குவாதம். கவிழ்ந்தவருக்குப் பயிற்சி போதாது என்கிறார் ஒருவர். கூட்டிப்போனவர் காற்றைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இதிலிருந்து உருப்படியாக என்ன கற்றுக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் மணி, வலது பக்கம் என்ன நடந்தது. நால்வரும் தனித்தனியாக எழுதுங்கள், பேசிவைத்துக்கொள்ளாமல். பிறகு நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் தவறு என்ற கேள்வியை அதுவரை பரணில் போட்டுவையுங்கள். நீங்கள் தேடவேண்டியது ஆளை இல்லை, நிமிடத்தை. எந்த நிமிடத்தில் சின்னதாக ஒரு முடிவு மாறியிருந்தால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது? அந்த நிமிடம் பெரும்பாலும் கவிழ்வதற்கு முன்னால், சில சமயம் கடலில் இறங்குவதற்கும் முன்னால் இருக்கும்.

எனக்கு இது தெரிந்தது என் சொந்தச் சொதப்பல் ஒன்றிலிருந்துதான். அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றதற்கு வருகிறேன்.

ஐந்து பேர் போனோம். ஒரு முனையைச் சுற்றி அடுத்த வளைகுடாவில் கரையேறித் திரும்புவது திட்டம். மதியத்துக்கு மேல் காற்று, அதன் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 4 வரை ஏறும் என்று வானிலை அறிக்கை சொன்னது. அதாவது 11 முதல் 16 நாட் வேகம், மணிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 கிலோமீட்டர். எட்டரைக்கு இறங்கினால் பன்னிரண்டுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். ஒருவருடைய படகில் பின்பக்க ஹேட்ச் மூடி, அதாவது சாமான் அறையின் மூடி, சரியாக உட்காரவில்லை. அதைத் தட்டி, அமுக்கி, ஒருவழியாக மூடி இறங்கும்போது ஒன்பது இருபது. அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திட்டத்தை மாற்றவும் இல்லை.

பத்தே முக்கால் வாக்கில் எங்களில் இளையவர் என் பக்கத்தில் வந்து, “அண்ணா, வயிறு ஒரு மாதிரி இருக்கு” என்றார். “இன்னும் கொஞ்ச தூரம்தான், முனையைத் தாண்டிட்டா சரியாயிடும்” என்றேன். இன்றும் அந்த வாக்கியத்தை நினைத்தால் கூசுகிறது. முனையைத் தாண்டினால் காற்று குறையாது, கூடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நிலம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் காற்றும் நீரோட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு போகும். அன்று அவை ஒன்றுக்கொன்று எதிராக வேறு ஓடிக்கொண்டிருந்தன. காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் போனால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். பதினொன்றே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கவிழ்ந்தார்.

நான் போய் ஏற்றினேன், ஆறு நிமிடம். மூன்று நிமிடத்தில் மறுபடி கவிழ்ந்தார். இரண்டாவது முறை ஏற்றும்போது படகின் பின்பாகம் கனத்தது. காலையில் தட்டி மூடினோமே, அந்த ஹேட்ச் மூடிதான். பின் அறைக்குள் தண்ணீர் போயிருந்தது. மூன்றாவது முறை அவர் கவிழ்ந்தபோது படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் அமிழ்ந்து மூக்கு வானத்தைப் பார்த்தது. அப்போதுதான் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். மற்ற மூவரில் ஒருவர் என் பக்கத்தில். மீதி இருவரைக் காணோம்.

ரேடியோ இருந்தது, சார்ஜும் இருந்தது. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அறைக்குள், ஒரு நீர்புகாப் பைக்குள். இரண்டு கையாலும் இன்னொருவருடைய படகைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது அலமாரியில் இருப்பதும் ஒன்றுதான், அங்கே இருப்பதும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்தவர் வந்து என் ஹேட்சைத் திறந்து எடுத்துத் தர வேண்டியிருந்தது. நான் உதவி கேட்டுப் பேசும்போது மணி பன்னிரண்டு இருபது. முதல் கவிழ்ப்புக்கும் அதற்கும் இடையே நாற்பது நிமிடம். மீட்புப் படகு வந்தது பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு. காணாமல் போன இருவரும் முக்கால் கடல் மைல் தள்ளி, ஒருவர் படகை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார்கள். “நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்திருந்தோம்” என்றார்கள். நானோ அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளில் எழுதிப் பார்த்தபோது தெரிந்தது: அன்றைக்கு எனக்கு ஐந்து வாய்ப்புகள் கிடைத்திருக்கின்றன. ஹேட்ச் மூடி சரியில்லை என்று தெரிந்தபோது அந்தப் படகைக் கரையிலேயே விட்டிருக்கலாம். தாமதமானதும் முனை வேண்டாம், வளைகுடாவுக்குள்ளேயே சுற்றலாம் என்றிருக்கலாம். வயிறு சரியில்லை என்றதும் திரும்பியிருக்கலாம். இரண்டாம் கவிழ்ப்பிலேயே உதவி கேட்டிருக்கலாம். ரேடியோவை நெஞ்சில் மாட்டியிருக்கலாம். முதல் மூன்றுக்கும் ஆகும் செலவு கொஞ்சம் ஏமாற்றம், அவ்வளவுதான். நேரம் போகப்போக ஒவ்வொரு வாய்ப்பின் விலையும் ஏறிக்கொண்டே போனது. ஸ்கூபா டைவிங் பயிற்சியில் இதைக் குழி என்று வரைந்து காட்டுவார்கள். மேலே சரிவு மென்மையாக இருக்கும், நடந்தே ஏறி வந்துவிடலாம். கீழே போகப்போகச் செங்குத்தாகும். எங்கே செங்குத்தாகத் தொடங்குகிறது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

உங்கள் தாளிலும் இப்படி மூன்று நான்கு இடம் அகப்படும். அகப்படவில்லை என்றால் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம். திரும்ப எழுதுங்கள்.

இனி, உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயம்: ஒருவரை ஏற்றிக்கொண்டிருந்தபோது மற்ற இருவரும் “கொஞ்சம் தள்ளிப் போயிருந்தார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் அனுபவத்தில் மிகவும் பயமுறுத்துகிற வரி அதுதான்.

1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடாவில் நடந்ததைக் கயாக் ஓட்டுகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிளிமத் நகரப் பள்ளி ஒன்றின் எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு சாகசப் பயிற்சி மையத்தின் இரண்டு பயிற்றுநர்கள். லைம் ரீஜிஸிலிருந்து சார்மத் வரை, பக்கத்து ஊர்தான். புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியர் கவிழ்ந்தார், மறுபடி மறுபடி கவிழ்ந்தார். ஒரு பயிற்றுநர் அவரோடேயே நின்றுவிட்டார். இன்னொருவர் மாணவர்களின் படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கவைத்து ஒரு தெப்பம் போல ஆக்கினார். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே செய்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. தெப்பம் நகர்ந்துகொண்டே போனது. கரையிலிருந்து விலக விலக அலை பெரிதானது. காக்பிட்டை, அதாவது உட்காரும் குழியை, மூடும் ஸ்ப்ரே டெக் அந்தப் படகுகளில் இல்லை, ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரம்பியது. உதவி கேட்க ஒளிச்சமிக்ஞைகளும் இல்லை. திரும்பி வரவேண்டிய நேரம் கடந்து மணிக்கணக்கான பிறகுதான் கடலோரக் காவலுக்குத் தகவல் போனது. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள்.

அந்தப் பயிற்சி மையத்தில் முன்பு வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு போதாது என்று நிர்வாகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார்கள். வழக்கில் மையத்தை நடத்திய நிறுவனமும் அதன் இயக்குநரும் குற்றவாளிகள் என்று 1994-இல் தீர்ப்பானது. இயக்குநர் சிறைக்குப் போனார். சாகசப் பயிற்சி மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் 1995-இல் வந்தது. சட்டம், தண்டனை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். துடுப்பு பிடிக்கிற நமக்கு அதில் இருக்கும் பாடம் வேறு. முதலில் ஆபத்தில் இருந்தவர் ஆசிரியர், அவர் பிழைத்தார். இறந்தவர்கள், ‘பத்திரமாக’ ஒன்றுசேர்த்து வைக்கப்பட்டிருந்தவர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1,852 மீட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 31 மீட்டர். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து உங்களை ஒரே ஒரு நாட் வேகத்தில் தள்ளினால்கூட, பத்து நிமிட மீட்புக்குள் 300 மீட்டர் நகர்ந்திருப்பீர்கள். அரை மணி என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். சாதாரணமாக ஒரு குழு ஓட்டுவது 3 நாட் வேகத்தில். எதிர்க்காற்றில், களைத்த ஆளை இழுத்துக்கொண்டு அதில் பாதிகூட வராது. பத்து நிமிடம் நகர்ந்ததைத் திரும்பப் பிடிக்க அரை மணி ஆகலாம்.

கரையிலிருந்து வெளியே வீசும் காற்று ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். கரையை ஒட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மேட்டின் மறைவு. கடற்கரையில் நின்று பார்த்தால், “இன்னைக்கு அருமையான நாள்” என்று தோன்றும். அரை கிலோமீட்டர் வெளியே போனதும் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். படகு நன்றாக ஓடுகிறது, இன்று நமக்கு நல்ல ஃபார்ம் என்று நினைத்துக்கொள்வோம். அப்படி நினைப்பு வரும்போதெல்லாம் படகைத் திருப்பிக் காற்றுக்கு எதிராக இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். திரும்பி வரும் பாதை எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு நிமிடமே சொல்லிவிடும்.

ஆகவே ஒருவர் கவிழ்ந்தால் எல்லோருக்கும் வேலை உண்டு என்பதைக் கரையிலேயே பேசி வையுங்கள். நான்கு பேர் என்றால் ஒருவர் ஏற்றுவார். இரண்டாமவர் தன் இழுவைக் கயிற்றை ஏற்றுபவரின் படகில் மாட்டி, காற்றுக்கு எதிராக மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டேயிருப்பார். முன்னேற வேண்டாம், நகராமல் பிடித்துவைத்தால் போதும். பாறைப் பக்கம் தள்ளப்படுகிறீர்கள் என்றால் இவர்தான் உங்கள் உயிர். மூன்றாமவர் காற்றை நோக்கிப் படகை நிறுத்தி, எல்லோரையும் எண்ணிக்கொண்டு, ரேடியோவோடு தயாராக இருப்பார். வேடிக்கை பார்க்கும் ஆள் என்று ஒருவரும் இருக்கக் கூடாது. எங்கள் ஐந்து பேரில் அன்று வேலை செய்தது நான் மட்டும்தான்.

ஏற்றும் முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் செய்தது டி வடிவ மீட்பு, சரியான தேர்வு. கவிழ்ந்த படகின் மூக்குக்கு உங்கள் படகைக் குறுக்காகக் கொண்டுவந்து, மூக்கைத் தூக்கி உங்கள் படகின் மேல்தளத்தில் வைத்தால் காக்பிட் தண்ணீர் தானாக வடியும். நிமிர்த்தி, தண்ணீரில் இறக்கி, மூக்கும் வாலும் எதிரெதிராக இருக்கும்படி பக்கத்தில் நிறுத்தி, நீந்துபவரை ஏறச்சொல்ல வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் சறுக்கியது கடைசிக் கட்டம். “ஏறி உட்கார்ந்ததும் விட்டேன், உடனே கவிழ்ந்தார்.”

விடக் கூடாது. என் அனுபவத்தில் இரண்டாம் கவிழ்ப்பு பெரும்பாலும் ஏறி உட்கார்ந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள்தான் நடக்கிறது. ஏறியவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். கால் நடுங்கும். காக்பிட்டில் இன்னும் பத்திருபது லிட்டர் தண்ணீர் கிடக்கும். படகு சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடி இன்னும் சாய்க்கும். ஸ்ப்ரே டெக் போட்டிருக்க மாட்டார். அவருடைய காக்பிட் விளிம்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, உங்கள் உடம்பின் முழு எடையையும் அவர் படகின்மேல் சாய்த்துவையுங்கள். இரண்டு படகும் சேர்ந்தால் எளிதில் கவிழாது. அப்படியே வைத்துக்கொண்டு அவரைத் தண்ணீர் இறைக்கச் சொல்லுங்கள். ஸ்ப்ரே டெக்கைப் பின்னாலிருந்து முன்னால் மாட்டட்டும். மாட்டியதும், இழுத்துக் கழற்றும் வார் வெளியே இருக்கிறதா என்று அவர் கையாலேயே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வார் உள்ளே மாட்டிக்கொண்டு மறுபடி கவிழ்ந்தால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கும். பிறகு பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் விடலாம். ஒற்றைச் சொல்லாக வந்தால், வாந்தி எடுத்தால், கண் உங்களைப் பார்க்காமல் எங்கோ பார்த்தால், அவர் இனி துடுப்புப் போடப்போவதில்லை. ஒருவர் அவரோடு சேர்ந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இரண்டு பேரையும் இழுக்க வேண்டும். அதற்கும் ஆள் போதவில்லை என்றால் உதவி கேட்கும் நேரம் வந்துவிட்டது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: அதே ஆள் இரண்டாவது முறை கவிழ்ந்தால் ரேடியோவில் பேசியாக வேண்டும். தேவையா இல்லையா என்று கடலில் வைத்து விவாதம் கிடையாது. காரணம் எளிது. அந்த நேரத்தில் தலைவராக இருப்பவரின் மனம் “இன்னொரு முறை முயன்றுவிடலாம்” என்றுதான் சொல்லும். என் மனம் மூன்று முறை சொன்னது.

உதவி கேட்பதென்றால் உடனே மேடே என்று அலற வேண்டியதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மேடே. நிலைமை மோசமாகிறது, இன்னும் கையை மீறவில்லை என்றால் பான்-பான். வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனல் இதற்கானது. அந்தச் சொல்லை மூன்று முறை, பிறகு நீங்கள் யார், எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர். ‘எங்கே’ என்பதை ஜி.பி.எஸ். எண்ணாகவோ, வரைபடத்தில் இருக்கும் ஓர் இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்றோ சொல்லுங்கள். எங்களில் ஒருவர் ஒருமுறை பயிற்சியில், “அந்தப் பெரிய பாறைக்குப் பக்கத்தில்” என்றார். சிரித்தோம். ஆனால் நடுக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம், அதனால் சொல்லவேண்டிய வாக்கியங்களை ஓர் ஒட்டுத்தாளில் எழுதி ஸ்ப்ரே டெக்கில் ஒட்டிவைத்திருக்கிறேன். பான்-பான் சொல்லிவிட்டு நிலைமை சரியானால் ரத்து செய்துவிடலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இருட்டிய பிறகு தேடுவதைவிட வெளிச்சத்தில் சும்மா வந்து திரும்பிப் போவதையே மீட்பவர்கள் விரும்புவார்கள்.

கைபேசியை மட்டும் நம்பாதீர்கள். நனைந்த திரையில் நனைந்த விரல் வேலை செய்யாது. குளிரில் பேட்டரி இறங்கும். முனைக்குப் பின்னால் சிக்னல் இருக்காது. கையடக்க ரேடியோவுக்கும் எல்லை உண்டு. நீங்கள் தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் இன்னொரு கயாக்கை எட்டுவது சில கடல் மைல்தான், குன்றுக்குப் பின்னால் அதுவும் இல்லை. ஆளில்லாத கரையில் ஓட்டுகிறீர்கள் என்றால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் தனிநபர் பீக்கன் ஒன்றை வாங்கி உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் அது லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும். படகில் இருப்பது படகோடு போய்விடும். நீங்கள் விட்டுவிட்ட காலிப் படகு, நீந்துபவரைவிட வேகமாகக் காற்றோடு ஓடும்.

லைஃப் ஜாக்கெட் என்றதும் ஒன்று. கயாக் ஓட்டுபவர்கள் போடுவது பெரும்பாலும் 50 நியூட்டன் மிதவை ஆடை. நினைவோடு இருப்பவரை மிதக்கவைக்கும். நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்பாது. அதனால் தண்ணீரில் இருப்பவரைத் தனியாக விட்டுவிட்டு உதவி தேடிப் போவது என்ற யோசனையே வேண்டாம்.

உடை விஷயத்தில் உங்கள் குழுவின் வாதம் எனக்குப் புரிகிறது. வெயிலில், நீரில் குளிராமல் காக்கும் இறுக்கமான வெட்சூட் போட்டால் வேர்த்துக் கொட்டும். ஆனால் காற்றின் சூட்டைப் பார்த்து உடுத்துவது பழக்கமாகிவிட்டால் ஒரு நாள் தண்ணீர் கணக்குத் தீர்க்கும். காற்றைவிட நீர் உடம்பின் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு என்ன நடக்கும் என்பதைக் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று சுருக்கமாகச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. திணறித் திணறி இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அடுத்த 10 நிமிடம் கை கால் சொன்னபடி கேட்கும். அதற்குப் பிறகு விரலால் ஒரு கொக்கியைக்கூடப் பிடிக்க முடியாது. உடல் குளிர்ந்து நினைவு போவதற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். கடுங்குளிர் நீருக்கான தோராயக் கணக்கு இது, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் நடு எண்ணைப் பாருங்கள். தானாக ஏறிக்கொள்ள உங்களுக்கு இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். எங்கள் இளையவர் அன்று போட்டிருந்தது ஒரு பருத்திச் சட்டை. மூன்றாவது முறை, “காலை மேலே போடுங்க” என்று கத்துகிறேன், அவர் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். கால் தண்ணீரிலேயே இருக்கிறது.

வெதுவெதுப்பான கடலில் இந்த எண்கள் நீளும், ஆனால் மறைந்துவிடாது. நம் உடம்பைவிடக் குளிர்ந்த எந்த நீரும் மெல்ல மெல்லச் சூட்டை எடுக்கும். கூடவே தாகம், வெயில், கடல் மயக்கம்.

உங்களை மீட்டவர்கள் வந்த முறையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிய படகு நெருங்கும்போது அதன் பின்பக்கம், சுழலி இருக்கும் பக்கம், போகாதீர்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திருங்கள். கயிறுகளைச் சுருட்டி உள்ளே வையுங்கள். வெகுநேரம் குளிர்நீரில் கிடந்தவரை முடிந்தால் படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தம் சட்டென்று விலகும்போது ரத்த அழுத்தம் சரிந்து, காப்பாற்றப்பட்ட அந்த நிமிடத்திலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ஏறியதும் எழுந்து நடக்கவிடாதீர்கள். அப்புறம் நிறம்: நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று படகின் அடிப்பாகம் வெள்ளை. கவிழ்ந்தால் நுரைக்கு நடுவே இன்னொரு நுரை. மஞ்சளோ ஆரஞ்சோ பளிச்சென்று ஒட்டும் பட்டை கொஞ்சம் வாங்கி ஒட்டிவிடுங்கள். துடுப்பின் அலகிலும் ஒட்டுங்கள். ஆட்டினால் தூரத்துக்குத் தெரியும்.

இழுவைக் கயிறு, கத்தி, பம்ப், மாற்றுத் துடுப்பு, துடுப்பு மிதவை. இதெல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. கயிற்றை ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். கரையில் ஒருவரிடம் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்குள் அழைப்பு வரவில்லை என்றால் அவர் காவலுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். லைம் விரிகுடாவில் போன மணிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி எங்கே செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். குளத்திலும் காற்றில்லாத காலையிலும் செய்தால் டி மீட்பு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், நமக்கும் தெரியும் என்ற தெம்பு வந்துவிடும். உங்களுக்கும் எனக்கும் வந்தது அந்தத் தெம்புதான். கரையை நோக்கிக் காற்று வீசும் நாளாகப் பாருங்கள், தவறினாலும் மணலில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொஞ்சம் அலை இருக்கட்டும். ஓட்டிக் களைத்த பிறகு, நாளின் கடைசியில் செய்யுங்கள். ஒருமுறை கவிழ்பவர் வேண்டுமென்றே ஒத்துழைக்காமல், கல் மாதிரி கிடக்கட்டும். ஒருமுறை உங்கள் குழுவின் கெட்டிக்காரரே கவிழட்டும். அவரை யார் ஏற்றுவது என்று மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். அங்கே ஆரம்பியுங்கள்.

கவிழ்ந்த நண்பர் இப்போது வரத் தயங்குகிறார் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அவருக்கு அறிவுரை எதுவும் வேண்டாம். தாளில் அவர் எழுதியதை மற்றவர்களுடையதற்கு முன்னால் படியுங்கள். எங்கள் இளையவர் எழுதிய தாளில் பத்தே முக்காலுக்கு நேரே ஒரே வரிதான் இருந்தது: “அண்ணாவிடம் சொன்னேன்.” என் தாளில் அந்த நேரத்துக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இப்போது அவர்தான் எங்களோடு வரும்போது ரேடியோ வைத்துக்கொள்கிறார். கிளம்பி ஒரு மணி நேரம் ஆனதும் எல்லோரையும் நிறுத்தி, யாருக்கு வயிறு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்பார். என்னிடம் மட்டும் இரண்டு முறை கேட்பார்.